மாணவன் எழுதிய ஆய்வேடும் ஜெட் விமானமும்



சில காலத்திற்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். கோயில் திருவிழா முடிந்து லயத்து வாசலில் அமர்ந்திருந்தபோது, குலை வெட்டும் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சு பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் திரும்பியது.

“எம்மகன் எந்திரப் பொறியியல் படிக்கிறாங்க. கடைசி வருசம். பரீட்சை எழுதினா போதாதா? என்னமோ புராஜெக்டுங்கிறான். ராத்திரியெல்லாம் தூங்காம எழுதுறான். இரும்பு வாங்கணும், மோட்டார் வாங்கணும்னு காசு கேக்கிறான். அதுல என்னங்க கிடைக்கப் போவுது?” என்றார்.

அவர் கேட்டதில் தவறேதும் இல்லை. விடியுமுன் எழுந்து உழைத்துச் சேர்த்த காசு அது. எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அன்று அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். வீடு திரும்பிய பிறகு, முழுப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

பட்டப் படிப்பின் முடிவில் மாணவர் தாமாக ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து எழுதுவதைத்தான் ஆய்வுத் திட்டம் என்கிறார்கள். அதுவரை ஆசிரியர் கணக்கைக் கொடுப்பார், மாணவன் விடை காண்பான். இப்போது கணக்கையும் அவனே கண்டுபிடிக்க வேண்டும். விடை இருக்கிறதா என்பதே தெரியாது. உண்மையைச் சொன்னால், இப்படி எழுதப்படும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை நூலக அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. சில கொஞ்சம் எழும்புகின்றன. இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழக மாணவர்கள், மனிதன் காலால் மிதித்தே பறக்கக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டினார்கள். 1961ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் அது ஏறக்குறைய 64 மீட்டர் தூரம் பறந்தது. உயரம் ஆறடிக்கும் குறைவு. அவர்கள் குறிவைத்த பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1977இல்தான் வேறு நாட்டவர் வேறு விமானத்தைக் கொண்டு அதை வென்றனர். ஆனாலும் மனிதன் தன் கால் பலத்தால் தரையைவிட்டு எழும்பியதற்கு முறையான சான்று பெற்ற முதல் விமானம் அந்த மாணவர்கள் கட்டியதுதான்.

இனி, எழும்பியே தீர்ந்த ஒன்றைப் பார்ப்போம்.

1907ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிராங்க் விட்டில் பிறந்தார். தந்தையார் பருத்தி ஆலைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர்; இரும்புவேலை தெரிந்த மெக்கானிக். 1916இல் லெமிங்டன் என்ற ஊரில், சில கடைசல் எந்திரங்களும் ஒரே ஒரு எரிவாயு எஞ்சினும் கொண்ட சிறு பட்டறையை வாங்கினார். பள்ளி விட்டதும் சிறுவன் பிராங்க் அந்தப் பட்டறைக்குத்தான் ஓடுவான். உபகாரச் சம்பளம் பெற்று உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். வீட்டுப்பாடத்தில் அவனுக்கு அவ்வளவு நாட்டமில்லை. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து நீராவிச் சுழலிகளைப் பற்றியும் விமானங்கள் பறக்கும் விதத்தைப் பற்றியும் படித்துக்கொண்டிருப்பான். பட்டறைத் தொழிலும் நொடித்தது. மேற்படிப்புக்குக் கையில் காசில்லை.

பதினைந்தாம் வயதில் அரச விமானப்படையில் தொழில் பயிலும் பையனாகச் சேர மனுப்போட்டார். எழுத்துத் தேர்வில் தேறினார். 1923 ஜனவரியில் முகாமுக்குப் போனவரை இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உயரம் ஐந்தடிதான், மார்பளவும் போதாது என்றார்கள். அங்கிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இரக்கப்பட்டு, என்ன உண்ண வேண்டும், எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாராம். ஆறு மாதம் விடாமல் செய்ததில் உயரமும் மார்பும் மும்மூன்று அங்குலம் கூடின. மறுபடி மனுச் செய்தார். ஒருமுறை தள்ளப்பட்டவரை மீண்டும் எடுப்பதில்லை என்று பதில் வந்தது. முன்பு தள்ளப்பட்டதைச் சொல்லாமல், புதிதாக வருபவரைப்போல் முதலிலிருந்து மனுப்போட்டார். தேர்வையும் மறுபடி எழுதினார். இம்முறை எடுத்துக்கொண்டார்கள். இதைச் சரியென்பதா தவறென்பதா என்று நேயர்கள் வீட்டில் பேசிக்கொள்ளலாம். அந்த மனு போகாதிருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை என்பதை மட்டும் நாம் சொல்லி வைக்கிறோம்.

மூன்றாண்டுகள் கிரான்வெல் என்ற இடத்தில் விமானப் பட்டறை வேலை கற்றார். இராணுவக் கட்டுப்பாடு அவருக்குப் பிடிக்கவேயில்லை. மாதிரி விமானங்கள் செய்யும் சங்கம்தான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே அவர் செய்த மாதிரிகள் மேலதிகாரியின் கண்ணில் பட்டன. தொழில் பயின்ற நூற்றுக்கணக்கான பையன்களில் ஐந்தே பேருக்கு அதிகாரிப் பயிற்சிக் கல்லூரியில் இடம் உண்டு. விட்டில் ஆறாவதாக வந்தார். முதல் ஐவரில் ஒருவர் உடற்பரிசோதனையில் தேறாமல் போகவே அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. தம்மை ஒரு காலத்தில் வெளியே தள்ளிய அதே உடற்பரிசோதனை இப்போது உள்ளே அழைத்ததை அவர் எண்ணிச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறோம்.

இந்தக் கல்லூரியில்தான் ஆய்வேடு வருகிறது. ஒவ்வொரு மாணவரும் அறிவியல் பொருள் ஒன்றைப்பற்றி எழுதித் தரவேண்டும் என்பது விதி. 1928இல், இருபத்தொரு வயது விட்டில் எழுதியதன் தலைப்பு, ‘விமான அமைப்பின் எதிர்கால வளர்ச்சிகள்’ என்பது.

அதில் அவர் எழுப்பிய கேள்வி எளியது. அக்காலத்துப் போர் விமானங்கள் மணிக்கு 150 மைல் வேகத்தில் பறந்தன. 500 மைல் வேகத்தில் பறக்க என்ன செய்யவேண்டும்? காற்றுத்தான் விமானத்தைத் தடுக்கிறது. ஆகவே காற்று மெலிந்திருக்கும் உயரத்திற்குப் போகவேண்டும். அங்கே போனால் வேறு தொல்லை வருகிறது. அக்கால எஞ்சின் மூச்சுத் திணறும். விமானத்தை இழுக்கும் சுழல்விசிறிக்கும் பிடிப்புப் போதாது.

தோட்டத்து ஸ்டோரில் அந்த நாளில் ரப்பர் உருளைகளை ஓட்டிய டீசல் எஞ்சினைப் பெரியவர்கள் நினைவுபடுத்திக் கொள்ளலாம். டக், டக், டக் என்று அது போடும் சத்தத்தின் காரணம் என்ன? உருளைக்குள் பிஸ்டன் ஒருமுறை காற்றை உறிஞ்சுகிறது, ஒருமுறை அமுக்குகிறது, எண்ணெய் தீப்பிடித்து ஒருமுறை உந்துகிறது, பிறகு ஒருமுறை புகையை வெளியே தள்ளுகிறது. நான்கு வேலையில் ஒன்றுதான் நமக்குப் பயன் தருவது. அந்த நாலு வேலையையும் முன்னும் பின்னும் ஆட்டாமல், நிறுத்தாமல், ஒரே ஓட்டமாகச் செய்ய முடியாதா என்று நினைத்தவர்கள் விட்டிலுக்கு முன்பும் உண்டு. வாயுச் சுழலி என்று அதற்குப் பெயர். மாணவர் விட்டில் தம் ஆய்வேட்டில், இந்த வாயுச் சுழலியைக்கொண்டு விமானத்தின் சுழல்விசிறியைச் சுற்றலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ராக்கெட்டைப் பற்றியும் எழுதினார்.

கவனியுங்கள், நேயர்களே. அந்த ஆய்வேட்டில் ஜெட் எஞ்சின் இல்லை! பல நூல்களில், மாணவராக இருந்தபோதே ஜெட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எழுதியிருப்பதைப் படிக்கிறோம். அது சரியன்று. ஆய்வேடு அவருக்குத் தந்தது விடையன்று, கேள்விதான். எழுதி முடித்து, மதிப்பெண்ணும் பரிசும் வாங்கிய பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஓராண்டுக்கு மேல் மனத்தில் புரட்டிக்கொண்டே இருந்தார். 1929இன் கடைசியில், விமானம் ஓட்டக் கற்பிப்பவருக்கான பயிற்சியில் இருந்தபோது பொறி தட்டியது. சுழல்விசிறி எதற்கு? சுழலியிலிருந்து வெளிவரும் சூடான வாயுவையே பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தால் விமானம் முன்னே போகாதா?

குழந்தைகள் பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுவிட்டால் அது வீடெல்லாம் பறந்து திரிகிறதல்லவா? காற்று பின்னே போக, பலூன் முன்னே பாய்கிறது. பலூனில் காற்றுத் தீர்ந்துவிடும். விட்டிலின் எஞ்சினிலோ தீராது. முன்பக்கம் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று காற்றை இழுத்து அமுக்கும். அமுங்கிய காற்று எரியறைக்குள் போகும். அங்கே எண்ணெய் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சூடேறிப் பருத்த வாயு வெளியேறும் வழியில் மற்றொரு சக்கரத்தைச் சுற்றிவிடும். இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் மாட்டியவை. ஆகவே பின்சக்கரம் சுற்றச் சுற்ற முன்சக்கரமும் சுற்றிக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மிச்சமுள்ள வாயு பெருவேகத்தில் பின்னே பாயும். அவ்வளவுதான் ஜெட் எஞ்சின். இன்று நம் தலைக்கு மேலே போகும் பெரிய விமானங்களின் எஞ்சினுக்கு உள்ளேயும் இதே வேலைதான் நடக்கிறது.

சொல்லும்போது எளிது. மிச்சம் ஏதாவது இருக்குமா என்பதுதான் கேள்வி. பின்சக்கரம் தரும் பலம் முழுவதையும் முன்சக்கரமே தின்றுவிட்டால் விமானத்தை உந்த ஒன்றும் மிஞ்சாது. அதுவரை செய்து பார்க்கப்பட்ட வாயுச் சுழலிகளின் கதி ஏறக்குறைய அதுவே. அத்துடன், அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகமும் அன்று இல்லை. விமானத்துறை அமைச்சு விட்டிலின் யோசனையைத் தள்ளியதற்கு இவைதாம் காரணம். அந்த அதிகாரிகளை அறிவிலிகள் என்று நாம் சொல்லமாட்டோம். அன்றைய நிலையில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் உலோகத் தொழில் ஆண்டுதோறும் முன்னேறிக்கொண்டிருந்தது. பழைய தீர்ப்பை எடுத்து மறுபடி பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. அதுதான் அவர்கள் செய்த பிழை.

உடன் பணிபுரிந்த ஜான்சன் என்ற அதிகாரிக்குக் காப்புரிமை வேலை தெரியும். அவர் துணையுடன் 1930 ஜனவரி 16இல் விட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமைச்சுக்கு அக்கறை இல்லாததால் அதை இரகசியமாகவும் வைக்கவில்லை. அச்சாகி வெளிவந்தது. எந்த நாட்டவரும் வாங்கிப் படிக்கலாம் என்றாயிற்று.

அவரது அறிவுக்கூர்மையை மட்டும் விமானப்படை மதித்தது. 1932இல் பொறியியல் பயிற்சிக்கு அனுப்பியது. தேர்வில் 98 விழுக்காடு வாங்கினார். அதைப் பார்த்து, நிறுத்தி வைத்திருந்த ஏற்பாட்டை அவருக்காகத் தளர்த்தி, 1934இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எந்திரவியல் படிக்க அனுப்பினார்கள். பட்டறையில் தொடங்கியவர் இருபத்தேழு வயதில் மறுபடியும் மாணவரானார். மணமாகிக் குடும்பமும் ஆகிவிட்டது. மூன்றாண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடித்தாகவேண்டும்.

அந்த நேரத்தில்தான் 1935 ஜனவரி வந்தது. காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்டவேண்டும். குடும்பச் செலவுக்கு நடுவே அந்தத் தொகையும் அவருக்குப் பாரமாக இருந்தது. அரசாங்கப் பணத்திலிருந்து கட்ட முடியாது என்று அமைச்சும் கூறிவிட்டது. காப்புரிமை காலாவதியாகிப் போயிற்று. உலகத்தின் போக்குவரத்தையே மாற்றவிருந்த ஒரு கண்டுபிடிப்பு, ஐந்து பவுண்டுக்காகக் கைவிட்டுப் போனது. கட்டணம் கட்டாமல் கைவிட்டுப்போன வாய்ப்புகளை நம் குடும்பங்களும் கண்டிருக்கின்றன. தேர்வுக் கட்டணமோ, பேருந்துக் கட்டணமோ, தொகை சிறியதாகத்தான் இருந்திருக்கும்.

சில மாதம் கழித்துப் பழைய கல்லூரித் தோழர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. டட்லி வில்லியம்ஸ் என்பவர். உன் எஞ்சின் யோசனை என்னவாயிற்று, பணம் திரட்ட முயலலாமா என்று கேட்டிருந்தார். அவரும் அவருடைய பங்காளி டின்லிங் என்பவரும் முயன்றதில், முதலீட்டு நிறுவனமொன்று 2,000 பவுண்டு போட முன்வந்தது. 1936 மார்ச்சில் ‘பவர் ஜெட்ஸ்’ என்ற சிறு கம்பெனி பிறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் அப்போது இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர்! வாரத்தில் ஆறு மணி நேரத்திற்கு மேல் அந்த வேலையில் செலவிடக்கூடாது என்று அமைச்சு நிபந்தனை போட்டது. அந்த ஆண்டுத் தேர்வில் அவர் முதல் வகுப்பில் தேறினார். பேராசிரியர் மெல்வில் ஜோன்ஸ் அவருக்கு ஊக்கம் தந்தார். எஞ்சின் வேலை தொடர்வதற்காக மேலும் ஓராண்டு கேம்பிரிட்ஜில் இருக்க அனுமதி கிடைத்தது.

எரியறை செய்வதற்கு ஆள் தேடி ஒரு தொழிற்பொருட்காட்சிக்குப் போனார். அவர் கேட்டது, அதுவரை எவரும் செய்திராத உக்கிரத்தில் எரியும் அடுப்பு. அதுவும் சிறிய இடத்தில். கடைக்குக் கடை ஏறி இறங்கினார். ஆகாத காரியம் என்று சொல்லி அனுப்பினார்கள். லெய்ட்லா என்பவரின் நிறுவனம் மட்டும் கடினம்தான், முயன்று பார்ப்போம் என்றது. இப்படி ஒருவர் போதும்.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், ரக்பி நகரத்துச் சுழலித் தொழிற்சாலை ஒன்றில் அந்த எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். மின்மோட்டாரால் சுற்றிவிட்டு, தீ மூட்டி, விட்டில் எண்ணெய்க் குழாயை மெல்லத் திறந்தார். எஞ்சின் ஊளையிட்டபடி வேகமெடுத்தது. குழாயை அடைத்தார். வேகம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. நிமிடத்திற்கு 8,000 சுற்றைத் தொட்டது. சூழ நின்றவர்கள் உயிருக்குப் பயந்து ஓடினார்கள். விட்டில் மட்டும் நின்றார். வீரத்தால் அல்ல, பயத்தில் கால் அசையாததால் நின்றேன் என்ற கருத்தில் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். சற்றுப் பொறுத்து எஞ்சின் தானே அடங்கியது. ஆராய்ந்ததில் காரணம் தெரிந்தது. ஓட்டுமுன் கசிந்த எண்ணெய் எரியறையின் அடியில் தேங்கி நின்றிருக்கிறது. குழாயை அடைத்தும் அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தேங்கிய எண்ணெய் வடிந்துபோக வழி செய்தார்கள். இதைப்போன்ற கோளாறுகள் ஒன்றா, இரண்டா? சக்கரத்தின் இதழ்கள் முறிந்தன, எரியறை வளைந்தது, பணம் தீர்ந்தது. ஒவ்வொன்றையும் இங்கே சொன்னால் நேரம் போதாது.

இதற்கிடையே ஜெர்மனியிலும் ஒரு மாணவர் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குப் படித்த ஹான்ஸ் வான் ஓஹைன் என்பவர் அவர். மாக்ஸ் ஹான் என்ற மோட்டார் மெக்கானிக்கின் கைத்திறனைத் துணையாகக் கொண்டு முதல் மாதிரியைச் செய்தார். ஹைன்கல் என்ற விமான முதலாளி அவர்களைத் தம் தொழிற்சாலைக்கே அழைத்துக்கொண்டார். பணத்தட்டுப்பாடு இல்லை. ஆகவே, பின்னால் தொடங்கியவர் முன்னால் பறந்தார். 1939 ஆகஸ்டு 27இல் உலகின் முதல் ஜெட் விமானம் ஜெர்மனியில் எழும்பியது. ஐந்து பவுண்டை மறுத்த அமைச்சுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் முதல் ஜெட் விமானம் 1941 மே 15ஆம் நாள் மாலை பறந்தது. ஓட்டியவர் சேயர். பதினேழு நிமிடம் பறந்து இறங்கினார். பறந்த இடம் எது தெரியுமா? கிரான்வெல். பையனாகப் பட்டறை வேலை கற்ற, மாணவனாக ஆய்வேடு எழுதிய அதே கிரான்வெல். எழுதிய தாளுக்கும் பறந்த விமானத்திற்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்.

அந்த ஆண்டுகள் அவரிடமிருந்து வாங்கிய விலையும் அதிகம். ஓயாத வேலையும் கவலையும் அவர் உடலையும் மனத்தையும் முறித்தன. போர்க்காலத்தில் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. கம்பெனியை 1944இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1948இல் அவருக்கு ‘சர்’ பட்டமும் 100,000 பவுண்டு பரிசும் அளித்தார்கள். 1952 மே மாதம் ஜெட் எஞ்சின் பூட்டிய முதல் பயணிகள் விமானச் சேவை தொடங்கியது. அந்த ஆண்டு முடியுமுன் அது சிங்கப்பூருக்கும் வந்தது. நம் முன்னோர் ரஜூலா கப்பலில் ஏறி ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் தத்தளித்து வந்த தூரத்தை, நாம் இன்று சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம்.

விட்டில் 1996 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் காலமானார். அவருடைய சாம்பலை விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து கிரான்வெல் தேவாலயத்தில் வைத்தார்கள்.

தோட்டத்துப் பெரியவரை அண்மையில் மறுபடியும் சந்தித்தோம். மகனுடைய புராஜெக்ட் என்னவென்று அன்று நாம் கேட்கத் தவறியிருந்தோம், இப்போது கேட்டோம். செம்பனைக் குலையைக் குத்தித் தோளால் தூக்காமல், சிறு மோட்டாரால் இழுத்து வண்டியில் ஏற்றும் எந்திரமாம்.

“வேலை செய்யுதா?” என்றோம்.

“ரெண்டு தடவை தூக்கிச்சுங்க. மூணாவது தடவை கம்பி அறுந்துபோச்சு. குலை எம்புட்டு கனம்னு இவன் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கான். மழை பேஞ்ச மறுநாளு இழுத்துப் பாருடான்னேன். சம்பளம் போட்டதும் தடிமனா வேற கம்பி வாங்கப் போறோம்” என்றார்.